கால் படாத இடத்தில் ஒரு மிளகாய்ச் செடி

எங்கள் மிளகாய்ச் செடி செத்துப்போய்விட்டது.

சிரிக்காதீர்கள். மொட்டை மாடியில் மண்தொட்டியில் என் மனைவி கமலா வளர்க்கிற செடியைப் பற்றி இதே பக்கத்தில் நான் அளந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'மிளகாய்க்குக் கடைப்பக்கமே போவதில்லை' என்று பீற்றிக்கொண்டேன். அது அச்சில் வந்த கொஞ்ச நாளிலேயே இலை கருக ஆரம்பித்தது.

முதலில் நுனி. அப்புறம் ஓரம். பூ வைக்கும், உதிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும். கூடவே மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம்... பூஞ்சை என்று முடிவு கட்டினேன். பத்தி எழுதுகிறவனுக்குத் தெரியாதது உண்டா?

வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். புளித்த மோரில் பெருங்காயத்தைக் கரைத்து அடித்தேன். மாடியில் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு வாசனை வந்ததே தவிர, செடி தேறவில்லை.

'செடிக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு வரி எழுதினேன். நீங்கள் சும்மா இருப்பீர்களா? போளூர் வாசகர் இலைச்சுருட்டை என்றார். ஆரணிக்காரர் சாம்பல் தூவச் சொன்னார். செங்கத்திலிருந்து ஒரு அம்மாள், 'பத்திரிகையில் போட்டால் திருஷ்டி படாமல் என்ன செய்யும்?' என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

பக்கத்து வீட்டு சம்பந்தம் வேளாண்மை ஆபீசில் கிளார்க். ஒரு நாள் மாடிக்கு வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தியா ஊத்துறீங்களா சார்?"

"இல்லையே."

"அப்போ கம்மியா ஊத்துறீங்க."

"அதுவும் இல்ல. சரியாத்தான் ஊத்தறேன்."

"அப்போ ஒண்ணும் புரியல சார்" என்று இறங்கிப் போய்விட்டார். நேர்மையான மனிதர்.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம் - கமலா கவலையே படவில்லை. விதை போட்டவள் அவள். காலையில் எழுந்ததும் முதலில் மாடிக்கு ஓடியவள். "இன்னிக்கும் இலை கொட்டிப்போச்சு" என்று நான் புலம்பினால், "போவட்டுங்க" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரியும்.

சரி, அவளுக்குக் கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் பெண் உமாவுக்கு நாலு வயது. சாயங்காலமானால் உடம்பு சுடும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு டாக்டர் வயிற்றில் பூச்சி என்றார். இன்னொருவர் பிரைமரி காம்ப்ளெக்ஸாக, அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோயாக, இருக்கலாம் என்றார். வேலூருக்குக் கூட்டிப் போனோம். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்றார்கள். நார்மல் என்றால் குழந்தை ஏன் இப்படி இளைக்கிறது? திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கினாள். மடியில் குழந்தை இருக்கிற கனமே தெரியவில்லை. பயந்துபோனேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

இதை இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. செடியைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். செடியில் ஒரு இலைகூட இல்லை. பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன். பின்னாலேயே கமலா கையில் ஒரு கிண்ணத்தோடு ஏறி வந்தாள். நேராகத் தொட்டிக்குப் போய் அதைக் கவிழ்த்தாள்.

"என்ன அது?"

"உமாவுக்குச் சுத்தின உப்புங்க."

செவ்வாயும் வெள்ளியும் கை நிறையக் கல் உப்பை எடுத்துக் குழந்தைக்குத் திருஷ்டி சுற்றி, தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் ஊற்றுவாள். சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே ஊற்றுகிறாள் என்று கேட்டதில்லை.

"அதை ஏன் இதுல ஊத்தறே?"

"வேற எங்கங்க ஊத்தறது? கீழ நாலு குடித்தனம் இருக்குது. கால் படாத இடம்னா இது ஒண்ணுதானே?"

நியாயம்தான். மலையைச் சுற்றி நடப்பதற்கென்றே ஜனம் வருகிற ஊர். பௌர்ணமி வந்தால் எங்கள் வாசற்படியில்கூட யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வெள்ளைப் படலத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு! மாதக்கணக்கில் சேர்ந்த உப்பு.

"கமலா, இது பூஞ்சையும் இல்ல, பூச்சியும் இல்ல. உன் உப்புதான் செடியைக் கொன்னிருக்கு!" என்று கத்தினேன். நோயைக் கண்டுபிடித்த குஷி எனக்கு. செங்கத்து அம்மாள் சொன்ன திருஷ்டி பாதி சரி என்று சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"வெறும் உப்பாலயாங்க?"

"வெறும் உப்பாலதான். எந்தச் செடிக்கு ஊத்தினாலும் செத்துடும்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "கொழந்த மேல இருக்கறத செடி வாங்கிக்குதுன்னு நெனச்சேங்க. ஒவ்வொரு எலை கருகறப்பவும் தெம்பா இருந்துச்சு. செடி மொத்தமா போயிட்டா இவ எழுந்துடுவான்னு..."

நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ, எதுவுமே எறங்கலியா?"

ஊரில் எந்த டாக்டரும் சொல்லாத மாதிரி அவ்வளவு துல்லியமாக ஒரு வியாதியைக் கண்டுபிடித்துச் சொல்லியாயிற்று. இலைச்சுருட்டை என்று சொல்லியிருக்கக் கூடாதா நான்? அவளிடம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதையும் நக்கிப் பார்த்து உப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து ஒரு மிளகாய் நாற்று வாங்கி வந்தேன். அதே தொட்டியில் நட்டேன். மண்ணை மாற்றவில்லை. கமலா பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாயன்று அவள் சுற்றி முடித்ததும் கிண்ணத்தை நான்தான் வாங்கிப் போய் ஊற்றினேன்.

இன்று காலை புதுச் செடியில் ஒரு இலை நுனி கருகியிருந்தது. கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வாங்கிக்குது பாரு" என்றேன். அவள் இலையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

இந்தத் தடவை யாரும் செடிக்கு மருந்து எழுதி அனுப்பாதீர்கள்.