பதினான்கு கிராம்

பட்டியலில் இல்லாத எதையும் நான் லேசில் நம்புவதில்லை. வேலை பார்க்கும் இடத்தில் இதை ஒழுங்கு என்கிறார்கள். வீட்டில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில், ஒரு டிசம்பர் காலையில். எனக்கு அப்போது பதினோரு வயது.

அண்ணனுக்குப் பதினேழு. பள்ளியில் கடைசி வருடம். அப்பா ஹவுராவில் ஒரு பட்டறையில் ஃபோர்மன். பரீட்சை முடிந்ததும் அண்ணனை அங்கேயே அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அண்ணனோ ஜாதவ்பூரில் இயற்பியல்தான் படிப்பேன் என்று நின்றான். இருவருக்கும் பேச்சு குறைந்து, ரசம் வேண்டும், மோர் வேண்டாம் என்பதைக்கூட அம்மா வழியாகச் சொல்லிக்கொள்ளும் நிலை வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பலூன் வந்தது. எதிர்வீட்டுத் தபன், அண்ணனின் வகுப்புத் தோழன். நான் தபன்தா, அதாவது தபன் அண்ணா, என்று கூப்பிடுவேன். துர்கா பூஜைக்குப் புதுச்சட்டை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கொடுத்த பணமும், தீபாவளிக்கு அண்ணனுக்குக் கொடுத்த பணமும் ஹவுராவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய், ஒரு ரப்பர் பலூனாகத் திரும்பி வந்தன. பவுடர் தூவி மடித்திருந்தது. பிரித்தால் ஒரு ஆள் உள்ளே படுக்கலாம். தபன்தா பூஜை ஐந்து நாளும் பழைய சட்டையோடு பந்தல் பந்தலாக நிமிர்ந்து நடந்தான்.

மேலே போகப் போகக் குளிர் எவ்வளவு என்று அளப்பதுதான் திட்டம். கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டிக்குள் சூட்டுக்கு வளைகிற ஒரு தகடு உண்டு; குளிர்ந்தால் அது எதிர்ப்பக்கம் வளையும். உடைந்த காற்றழுத்தமானியிலிருந்து கழற்றிய மெல்லிய தகர டப்பி, வெளியே காற்று குறையக் குறைய உப்பும். இரண்டும் சேர்ந்து ஒரு தையல் ஊசியை நகர்த்தும். ஊசியின் முனை, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கருக்கிய ஒரு கண்ணாடித் துண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏற ஏறக் கரியில் ஒரு கோடு விழும். பேட்டரி இல்லை, ரேடியோ இல்லை. உயரே போய்ப் பலூன் வெடித்ததும், அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையில் தைத்த பாராசூட் பெட்டியை இறக்கும். கண்டெடுப்பவர் பெட்டியிலுள்ள முகவரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்காக வங்காளத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்று அட்டைகள். ஒருவர் கண்ணில் பட வேண்டும், அவருக்கு மனசும் வர வேண்டும் என்பதைத் தவிர எல்லாவற்றையும் இரண்டு பேரும் யோசித்து வைத்திருந்தார்கள்.

அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் சொன்னார்:

"அவங்கிட்ட சொல்லு. அந்தப் பொட்டி கோட்டோட திரும்பி வந்துச்சுன்னா காலேஜுக்குப் போகட்டும். வரலன்னா பட்டறை. அதுக்கு மேல பேச்சு கெடயாது."

அண்ணனும் அம்மாவைத்தான் பார்த்தான். "சரின்னு சொல்லும்மா."

அன்றிலிருந்து விளையாட்டு என்பது போய்விட்டது.

எனக்குக் கிடைத்த வேலை எடைப் பட்டியல். கீழ்வீட்டு ஹோமியோபதி டாக்டர் மருந்து நிறுக்கும் குட்டித் தராசைக் கொடுத்து உதவினார். பெட்டி, பஞ்சு, ஊசிக் கருவி, பாராசூட், நூல், பாராசூட் விரிந்தே இருக்க ஒரு மூங்கில் குச்சி, அட்டைகள் எல்லாவற்றையும் நிறுத்து நோட்டில் ஏற்றினேன். தபன்தா என்னைக் 'கேராணிபாபு' என்பான். குமாஸ்தா ஐயா என்று அர்த்தம். "கேராணிபாபு, அந்த ஊசியில் உட்கார்ந்திருந்த ஈயை நிறுத்தாயா?" என்று வங்காளத்தில் கேட்பான். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் பலூனில் எவ்வளவு வாயு நிரப்புவது என்பதே என் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. அதே எடைக்கு அரிசியை ஒரு துணியில் முடிந்து பலூனில் கட்டுவோம். முடிச்சு தரையை விட்டுக் கிளம்பினால் போதும், பெட்டியும் கிளம்பும். அதற்கு மேல் வாயு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு லாபம்.

முந்தின நாள் மாலை, பெட்டியை மூடப்போகும் நேரத்தில், அண்ணனும் தபன்தாவும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அம்மா ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து பஞ்சுக்குள் செருகினாள். திருச்செந்தூர் முருகனுக்குக் காசு முடிந்து வைத்தது.

"ஏட்டி, அண்ணங்கிட்ட மூச்சு விடப்படாது."

"எடை கூடிரும்மா!"

"சாமி காசு என்னட்டி எடை?"

பதினொரு கிராம். அம்மா நகர்ந்ததும் எடுத்து நிறுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, பட்டியலில் 'இதர' என்று சேர்த்துக்கொண்டேன். சாமியையும் அண்ணனையும் ஒரே நேரத்தில் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு தூங்கினேன்.

மறுநாள் காலை பனி. பக்கத்து லேக் கரையில் பலூன் விற்பவரைத் தபன்தா அழைத்து வந்திருந்தான். நாங்கள் அவரைப் பேலூன்காக்கு, பலூன் சித்தப்பா, என்போம். தன் இரும்பு உருளையோடு மூன்று மாடி ஏறி வந்தவர், தரையில் விரித்திருந்த பலூனைப் பார்த்து, "இதை எந்தக் குழந்தை கேட்டது?" என்றார். நான் பெட்டியைத் தூக்கி வந்தேன். அதன் கயிற்று முடிச்சு முந்தின நாளைவிட இறுக்கமாக, அழகாக இருந்தது. அண்ணன் திருத்திக் கட்டியிருப்பான் என்று நினைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் நிரப்பினார். ரப்பர் சுருக்கம் நீங்கி, எழுந்து, நின்று, எங்களைவிட உயரமானது. பிறகு உருளை பெருமூச்சுவிட்டு ஓய்ந்தது. வாயு உண்டாக்கும் மருந்து தீர்ந்துவிட்டது. அரிசி முடிச்சு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தது. பத்துக் கிராம் அரிசி கூடப் போட்டதும் அசையாமல் நின்றது.

"பத்துக் கிராம்தான் லாபம்," என்றான் அண்ணன். "மெதுவாப் போகும். ஆனாப் போகும்."

முடிச்சை அவிழ்த்துப் பெட்டியைக் கட்டினார்கள். அண்ணன் கையை எடுத்தான். பெட்டி தரையில் உட்கார்ந்தது. தூக்கிப் பிடித்து விட்டான். மறுபடி உட்கார்ந்தது.

"ஏட்டி, மொத்தம் எவ்வளவு? சரியாக் கூட்டுனியா?"

கூட்டினேன். மறுபடி கூட்டினேன். தபன்தா அன்று கேலி செய்யவில்லை. "கேராணிபாபு, எதையாவது விட்டுவிட்டாயா?" என்று மெதுவாகக் கேட்டான். அதுதான் அதிகமாக வலித்தது. மாடிப்படியில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. மஞ்சள் முடிச்சைத்தான் நான் கணக்கில் சேர்த்துவிட்டேனே என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை. சுற்றிலும் எல்லா மாடிகளிலும் குரங்குக் குல்லா போட்ட பெரியவர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டியத் தொறந்து பாத்துருவோம்," என்று அண்ணன் குனிந்தான்.

"தொறக்காத."

அப்பா. பட்டறைக்குப் போகும் காக்கி உடுப்பில் படியேறி வந்திருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் அண்ணனிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது.

"தொறந்தா ஊசி ஆடிரும். நூலு எத்தன கஜம் விட்டிருக்க?"

"பத்து."

"எதுக்குடே பத்து? நாலு போதும். அந்த மூங்கிக் குச்சிய எடு. நாலு எடத்துல நூலக் கட்டுனா துணி தானா விரியும்."

பையிலிருந்து கத்தியை எடுத்து அவரே வெட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ம்," என்றார்.

அண்ணன் கையை எடுத்தான்.

பெட்டி தரையைவிட்டு ஒரு விரல் எழுந்தது. தயங்கியது. பிறகு என் முழங்காலைத் தாண்டி, தோளைத் தாண்டி, கைப்பிடிச் சுவரை உரசாமல் கடந்தது. யாரும் கத்தவில்லை. விசுவகர்மா பூஜையன்று ஆயிரம் காற்றாடிக்குக் கூச்சல் போடும் மாடிகள் அவை. அன்று காக்கைகள் மட்டும் கத்தின. பலூன் பனிக்குள் நுழைந்து சாம்பல் நிறமாகி, இல்லாமல் போனது.

அவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது தபன்தா என் தலையைப் பிடித்து நிமிர்த்தினான். பனிக்கு மேலே, எங்களுக்கு இன்னும் வராத வெயில் அதற்கு வந்திருந்தது. ஆரஞ்சுச் சுளைபோல ஒளிர்ந்துகொண்டிருந்தது பலூன். நாங்கள் நின்ற இடத்தில் இன்னும் விடியவில்லை. அண்ணன் செய்த பெட்டிக்கு விடிந்துவிட்டது. அது பொன்னாகி, வெள்ளையாகி, பகலில் தெரியும் நட்சத்திரம்போல ஒரு புள்ளியாகிக் கிழக்கே நகர்ந்தது. கண்ணை இமைத்தால் தொலைந்துவிடும் என்று நான் இமைக்காமல் நின்றேன். கண்ணில் நீர் வழிந்தது.

பேலூன்காக்கு உருளையின்மேல் உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷமாக எல்லாவற்றையும் கயிற்றில் கட்டித்தான் விற்றிருக்கிறேன்," என்றார். "விட்டுப் பார்த்ததில்லை."

திரும்பிப் பார்த்தபோது அப்பா இல்லை.

ஜனவரி போனது. பிப்ரவரி போனது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அண்ணன் உள்ளே போய்விடுவான். நான்தான் போய்க் கேட்பேன். பரீட்சை வந்து போயிற்று. ஒரு திங்கட்கிழமை அண்ணன் அப்பாவோடு ஹவுராவுக்குக் கிளம்பினான். இருவரும் ஒரே மாதிரித் தூக்குப்பாத்திரத்தோடு, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

அவன் பட்டறையில் சேர்ந்த பிறகு வந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கண் மருத்துவத்துக்காகப் பத்மா நதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் பழைய துணியில் சுற்றிய எங்கள் பெட்டி. எல்லைக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர் கொடுத்தனுப்பியது. ஆசிரியரின் கடிதத்தைத் தபன்தா உரக்கப் படித்தான். கடுகு வயலில் கிடந்ததாம். கருகிய கண்ணாடியைக் கழுவுவதற்கு அவர் மனைவி குளத்தங்கரைவரை கொண்டுபோய்விட்டாராம். உள்ளே இருந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்ததும் ஆசிரியர் ஓடிப்போய் வாங்கிவிட்டாராம்.

கரியில் ஒரு கோடு இருந்தது. தலைமுடியைவிட மெல்லியது. அண்ணன் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அதைத் தபன்தாவிடம் கொடுத்தான். விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, நாங்கள் அளக்கத் தெரிந்து வைத்திருந்த குளிருக்கும் கீழே அந்தக் கோடு போயிருந்தது. வாயு குறைந்ததுதான் காரணம். ரப்பர் விரிய நிறைய இடம் இருந்ததால் வெடிக்காமல் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டு ஊசி ஒன்று அங்கே போய் எழுதிவிட்டு வந்திருக்கிறது என்பது மட்டும்தான். அண்ணனின் விரல் நகங்களில் பட்டறை எண்ணெய் கறுத்திருந்தது. கண்ணாடியை அவன் விளிம்பில் மட்டும் பிடித்திருந்தான்.

நான் என் நோட்டை எடுத்து வந்து, திரும்பி வந்த பொருள்களைச் சரிபார்த்தேன். கருவி, பஞ்சு, மூன்று அட்டை, மஞ்சள் முடிச்சு. அம்மா முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஞ்சின் அடியில் பட்டியலில் இல்லாத ஒன்று இருந்தது. உள்ளே துணி ஒட்டிய, கெட்டியான ஆபீஸ் கவர். படிக்கட்டுக்கடியில் போய்ப் பிரித்தேன். அப்பாவின் சாய்ந்த ஆங்கில எழுத்து.

'ஐயா, அட்டையில் பையன்கள் எழுத மறந்தது: கறுப்புக் கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். அழுக்கு போலத் தெரிவதுதான் அவர்கள் உழைப்பு. என் பட்டறையில் எதைக் கண்டாலும் துடைத்துவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். பெட்டி உடைந்து கிடைத்தால் பையனுக்குத் தெரிவிக்க வேண்டாம். துண்டுகளை எல்லாம் கீழே உள்ள என் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பவும். நான் ஒட்டிக்கொள்வேன்.'

டாக்டரின் தராசில் வைத்தேன். பதினான்கு கிராம்.

எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. நாலு மாதமாக என் கணக்கு தவறு என்று நானே நம்பியிருந்தேன். அது போகட்டும். கோட்டோடு திரும்பி வந்தால் காலேஜ், வராவிட்டால் பட்டறை என்று பந்தயம் கட்டியவர் அப்பா. உடைந்து வந்ததை ரகசியமாக ஒட்டி, முழுசாக வந்ததுபோல் காட்டுவது என்றால், அது என்ன நியாயம்?

கவரை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா பெட்டியருகே நின்று பஞ்சைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்காட்டி?"

"சரியா இருக்குப்பா," என்றேன். கணக்கில் நான் சொன்ன முதல் பொய்.

ஜூலையில் அண்ணன் ஜாதவ்பூருக்குப் போனான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: 'துணி ஒட்டிய கவர், 14 கிராம். வைத்தது அப்பா. பந்தயத்தில் கள்ளாட்டம்.' அந்தக் கள்ளாட்டத்தில் தோற்கப்போவது யார் என்று மட்டும் எழுதவில்லை. அந்த வயதில் எனக்கு அது தோன்றவே இல்லை.