மேஜர் முன்னால் ஒரு சத்தியம்

எங்கள் பக்கம் ஒருவனிடம் சத்தியம் வாங்க வேண்டுமென்றால் உத்தரகோசமங்கைக் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கற்பூரத்தை அணைக்கச் சொல்வார்கள். பொய்யன் பாதி வழியிலேயே உளறிவிடுவான். பட்டாளத்தில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கமிஷன்ட் ஆபீசர் ஒருவர் முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். மாஜிஸ்திரேட்டும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். ஐம்பதுகளின் கடைசியில் வடக்கே ஒரு பட்டாளத்தில் நான் கிளார்க். சத்தியத் தாளை டைப் அடிப்பது என் வேலை.

எங்கள் கம்பெனியில் எங்கள் பக்கத்து வாலிநோக்கத்துக்காரன் ஒருவன் இருந்தான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கைவிட்டவன். அவன் சம்பளத்தில் ஜீவனாம்சம் பிடித்துத் தரும்படி அவள் பட்டாளத்துக்கு மனுப் போட்டாள். இவனோ, அவள் யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுக்கத் துணிந்துவிட்டான். அடப்பாவி! அந்தக் கல்யாணப் பந்தியில் நானும் உட்கார்ந்து மூக்குப்பிடிக்கத் தின்றிருக்கிறேன்.

"ஏலே, நீ டைப்ப மட்டும் அடி. இந்த மாசத்து ரம்மு உனக்குத்தான்" என்றான்.

அடித்தேன். மேஜருக்குத் தமிழ் தெரியாது. அவன் கீதையின்மேல் கை வைத்து, வாய் கூசாமல் சொன்னான். இங்கிலீஷில் எழுதியிருப்பதை அவனுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னதாக நான் அடியில் கையெழுத்துப் போட்டேன். மனு தள்ளுபடியானது. ரம் நன்றாகவே இருந்தது.

லீவில் ஊருக்கு வந்தபோது அவள் என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் பிள்ளை, உப்பளத்தில் வெடித்துப் போன கால், கையில் அந்தத் தாளின் நகல்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

வாசித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. தாளின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது யாரு கையெழுத்துண்ணே?"

"தொரையோடது."

"அதுக்குக் கீழ?"

"யாரோ ஒரு கிளார்க்கு."

"நீங்க எங்க கல்யாணத்துக்கு வந்தீகள்ல. அந்தத் தொரை முன்னால நீங்க ஒரு சத்தியம் பண்ணிச் சொன்னா நம்ப மாட்டாரா? இந்தப் புள்ளைக்கு அப்பன் பேராவது நிலைக்கும்ணே."

"சொல்றேன், போ" என்றேன். எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தால் பொய்ச்சத்தியத்துக்குத் துணைபோனவன் என்று என்னையும் உள்ளே தள்ளுவார்கள். எனக்குப் பயம். ரயில் பரமக்குடி தாண்டும் முன்பே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

அடுத்த லீவுக்கும் வந்தாள். எனக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தாள்.

"தொரை என்ன சொன்னாருண்ணே?"

"நீதான் பொய் சொல்றேன்னுட்டாரு."



"நீங்க சத்தியம் பண்ணியுமாண்ணே?"

"ஆமா" என்றேன். பொட்டலத்தை வாங்கி உள்ளே கொடுத்தேன்.