ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை

அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கொன்று, பன்னிரண்டு வருடங்களாக என்னோடு வாழும், அருகில் உட்கார்ந்திருந்த செந்திலுக்கொன்று என்று இரண்டு பத்திரிகைகளை நீட்டினாள். மூலைகளில் தடவிய மஞ்சள் மணத்தது.

தாராபுரத்தில் அக்காவின் கல்யாணத்தின்போதும் வீடெல்லாம் இதே மணம்தான். அம்மா மஞ்சள் தடவ, உறைமேல் பெயர் எழுதுவது பத்து வயதுப் பையனான என் வேலை. "ஒரு ஊட்டுக்கு ஒரு பத்திரிகை. புருசன் பொண்டாட்டி பேரைச் சேர்த்து எழுதோணும்" என்றார் அப்பா. எதிர்வீட்டில் மணியண்ணனும் ராசுவண்ணனும் வெகுகாலமாக ஒன்றாக வாழ்ந்தார்கள். இருவர் பெயரையும் ஒரே உறையில் எழுதினேன். அப்பா அதைக் கிழித்துப்போட்டார்.

"ரெண்டா எழுது. ஊரு சிரிக்கும்."

பந்தியில் அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அவரே பரிமாறினார். பெயர்கள் சேர்ந்து நிற்பதுதான் அவருக்கு ஆகவில்லை.

நான் ஒரு பத்திரிகையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். மற்றதில் என் பெயருக்குப் பக்கத்தில் செந்தில் பெயரை எழுதினேன்.

"ஒரு ஊட்டுக்கு ஒண்ணு போதுங்க்கா."

அக்கா உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அப்பா கிழிச்சாரே, அதே கையெழுத்து" என்றாள். பிறகு அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு வாங்கிக்குங்க, கண்ணு."