மணிக்கூண்டில் குடிவந்த தேனீக்கள்

மைசூரில் ஓர் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கடவுள் நம்பிக்கைக்கும் மண், மரம், தண்ணீருக்கும் உள்ள உறவுதான் என் ஆராய்ச்சி. கருத்தரங்குகளில் அதைத் தலையாட்டிக் கேட்பார்கள். எங்கள் சபையில் எடுபடுமா என்பது ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தெரிந்தது.

எங்கள் சபைக் கோயிலின் மணிக்கூண்டில் மலைத்தேனீக்கள் முறம் அகலத்துக்கு அடை கட்டியிருந்தன. சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அவர் மகளுக்கு இரண்டு வாரத்தில் அங்கேதான் கல்யாணம். மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, படைப்பனைத்தும் கடவுளைத் துதிக்கிறது என்று என் கட்டுரையிலிருந்து இரண்டு பக்கம் படித்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சும்னே படிக்காதீங்க மேடம். பேப்பர்ல இருக்கற தேனீ கொட்டாது," என்றார் செயலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் ரோஷமும்.

எங்கள் கல்லூரி கேன்டீன் சமையல்காரர் கோபிநத்தத்துக்காரர், காட்டோரத்தில் வளர்ந்தவர். மறுநாள் அவரைக் கூட்டிப்போனேன். செயலாளரும் வந்தார். பாடகர் மாடத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

"மழை எறங்கறதுக்குள்ள தானாப் போயிருமுங்க. மணி மட்டும் அடிக்காதீங்க, பொகை போடாதீங்க. அதுங்க பாட்டுக்கு இருக்குமுங்க," என்றார் சமையல்காரர்.

அப்போது ஒரு பருந்து அருகே பறந்தது. அடையெங்கும் தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கிச் சிலிர்த்தன. மேலிருந்து கீழே ஓர் அலை ஓடியது, மறுபடியும் ஓடியது. செயலாளர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னொரு வாட்டி பண்ணுமா?" என்று கேட்டார்.

அரைமணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்கினார். இறங்கியதும் மருந்துக்காரருக்குப் போன் போட்டு, "பேடா, வரவேண்டாம்," என்றார். நான் எழுதிய எந்தக் கட்டுரையும் ஒருவரை இவ்வளவு சீக்கிரம் மாற்றியதில்லை. சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று அவரே வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம், "மேலே விருந்தாளிங்க தங்கியிருக்காங்க, மெல்லமா பேசுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேண்டு வாத்தியம் மண்டபத்துக்கு மாறியது. மணி அடிக்கவேண்டிய நேரத்தில் இருநூறு பேர் கைக்குட்டையை ஆட்டினார்கள். மணப்பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உறுதிமொழியைப் பாதியில் விட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அன்று கொட்டு வாங்கியவள் நான் ஒருத்திதான். எல்லாப் போட்டோவிலும் வீங்கிய கன்னத்தோடு நிற்கிறேன்.

மே கடைசியில் ஒரு காலை செயலாளர் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், கெளம்பிட்டாங்க! இப்பத்தான், சாமுண்டி மலைப் பக்கமா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம், இல்லையா?"