பூட்டியாச்சோ?

மலேசியாவில் எண்ணெய் என்றால் பெட்ரோல். எஞ்சினுக்கு ஊற்றுவது மலாயில் மிஞாக் ஹீத்தாம், அதாவது கறுப்பு எண்ணெய். தகரத்தைத் திறந்தால் உள்ளே தேன் நிறம். தேனைக் கறுப்பு என்று மலாய், சீன, இந்திய மூன்று இனத்தாரும் ஒற்றுமையாக அழைக்கும் அதிசயத்தைக் கிள்ளானுக்கு வந்த புதிதில் கண்டு, பலருக்கும் விளக்கம் சொல்லித் திருத்தப் பார்த்தேன். ஒருவரும் திருந்தவில்லை. கியர்பெட்டிக்கு ஊற்றுவதுதான் உண்மையில் பெயர் வைத்துத் திட்டவேண்டிய எண்ணெய். கூழ்முட்டை நாற்றம். அதற்கு மட்டும் வசைப்பெயர் ஒன்றும் இல்லை, வெறும் கியர் எண்ணெய்.

அந்த நாற்றத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பக்கத்து வீட்டு மணியம். செந்தூலில் பிறந்து கிள்ளானில் பெண் எடுத்தவர். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றில் தோட்டங்களுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போவது தொழில். யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் படிப்பித்தவன் என்று கேள்விப்பட்டதிலிருந்து என்னைச் 'சிக்கு' என்றே கூப்பிடுவார். மலாயில் சிக்கு என்றால் ஆசிரியர். தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் பொருந்துவதால் நான் மறுக்கவில்லை.

அந்த நாற்றம் அறிமுகமான நாளுக்கு மறுநாள் என் தம்பி கொழும்பிலிருந்து சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்கவிருந்தான். இருபத்தைந்து வயது. எங்கள் ஊரில் அப்போது அந்த வயதுக்காரனை இரு தரப்பும் தேடும்; ஒரு தரப்பு சேர்ப்பதற்கு, மறு தரப்பு பிடிப்பதற்கு. இங்கே குடிநுழைவு அதிகாரி, "உன்னைக் கூட்டிப்போக யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பார். வருடத்துக்கு வருடம் பெர்மிட் புதுப்பிக்கிற என் வாக்குக்கு அங்கே எடை கிடையாது. குடியுரிமைக்காரரான மணியம் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். கூப்பிடும் நேரத்தில் அவர் இல்லையென்றால் தம்பியைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். திரும்பிப் போகிறவனைக் கொழும்பில் யார் வரவேற்பார்கள் என்பதை நினைத்தே எனக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மணியம் ஒரு தோட்டத்தில் வெள்ளத்துக்குள் வண்டியை இறக்கியிருந்தார். அதிலிருந்து கியர்பெட்டி முனகத் தொடங்கியது.

"ஏர்போட்டு போற வண்டி சிக்கு. வழியில மானத்த வாங்கிடும். இன்னைக்கே எண்ணெய மாத்திருவோம் லா" என்று, இந்த ஊர்ப் பேச்சின் வாலான அந்த 'லா'வோடு முடித்து, சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். விளக்குப் பிடிப்பதும், கையேட்டைப் படித்துச் சொல்வதும் என் வேலை. படித்தவனுக்கு எப்போதும் ஈரமில்லாத வேலைதான் வாய்க்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு வயிறும் நான்கு. கியர்பெட்டி ஒன்று, இழுவையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் பெட்டி அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஊற்ற மேலே ஒரு துளை, வடிக்கக் கீழே ஒரு துளை.

"மேல உள்ளத மொதல்ல தெறந்து பாக்கணும். கீழ வடிச்சிட்டு மேல தெறக்கலைன்னா, வண்டி இங்கயே குந்திக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் செய்வது நேர் எதிர். காணி, நகை, சைக்கிள் என்று எல்லாவற்றையும் வடித்துவிட்டுத்தான் மேலே ஏதாவது திறக்குமா என்று பார்க்க விமானம் ஏறுகிறோம்.

வடிந்தது எண்ணெய் அல்ல, அசல் தே தாரிக். தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறத்தில் தகரத்தில் விழுந்தது. எரிபொருள் தடையில் கிடந்த எங்கள் ஊரில் இதைக்கூட யாராவது துணியில் வடித்துப் போத்தலில் எடுத்துப்போயிருப்பார்கள். தம்பி அங்கே மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன். கிளப்புவதற்கு மட்டும் மருந்துபோலச் சில துளி பெட்ரோல். மணியம் தகரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டார்.

கடைசியாக அந்தப் பிரிக்கும் பெட்டி. வடிந்து முடிந்ததும் கீழ்த் துளையின் அடைப்பை விரலால் திருகி வைத்துவிட்டு, இறுக்குவதற்கு ஸ்பானரைத் தேடினார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது, மணியம் வீட்டு நாயும் திறந்து கிடந்த வாசல் கேட் வழியாகத் தெருவுக்கு ஓடியது. மணியம் அதைத் துரத்திப் பிடித்து, நனைந்துகொண்டு திரும்பினார். நான் அடைப்பை மனதில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பூட்டியாச்சோ?"

"பூட்டியாச்சு சிக்கு."

"வடிவாப் பூட்டினீங்களோ?"

அவர் சிரித்தார். "அதுல என்னா வடிவு? பழசு, துருப்பிடிச்சது. ஆனா ஸ்ட்ரோங் லா!"

அடைப்பும் பழசுதான், துருப்பிடித்ததுதான். எனக்குத் திருப்தி. மேல் துளையில் குழாய் வைத்து, எண்ணெய் விளிம்பில் கசியும் வரை ஊற்றினோம்.

மறுநாள் பெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகா என்னும் ஊரை நெருங்கும்போது கூழ்முட்டை மணத்தது. அடுத்து வண்டியின் அடியில் யாரையோ அறுப்பது போன்ற ஓலம். பிறகு சக்கரங்கள் இறுகி நின்றுவிட்டன. மணியம் கீழே படுத்துப் பார்த்தார். அடைப்பு இருந்த இடத்தில் துளை மட்டும் இருந்தது.

"பூட்டியாச்சு எண்டீங்களே!"

"வாசக் கேட்ட பூட்டுனேன் லா சிக்கு! நாய் ஓடுச்சே! நட்டுன்னா டைட் பண்ணியாச்சான்னு கேக்க மாட்டீங்களா?"

யாழ்ப்பாணத்தில் திருகாணியையும் பூட்டுவோம், சக்கரத்தையும் பூட்டுவோம், நன்றாகச் செய்வதெல்லாம் வடிவாகச் செய்வது. இங்கே பூட்டுவதென்றால் கதவைத்தான், வடிவென்றால் அழகுதான். இந்த ஆராய்ச்சியை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று செய்தேன் என்று நினைக்கவேண்டாம். அப்போது என் வாயிலிருந்து வந்தது அச்சில் ஏறாது. தலைக்கு மேலே விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் அதுதான் என்று நினைத்தேன். டாக்சி எதுவும் நிற்கவில்லை. எண்ணெயில் குளித்த ஒருவரும் அவரோடு சண்டை பிடிக்கும் ஒருவரும் கைகாட்டினால் யார் நிறுத்துவார்?

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் மணியத்தின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள். தம்பியின் பெயரைக் கொழும்புக்குத் திரும்பும் இரவு விமானத்துக்கு எழுதியாகிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு வாங்குப் பலகையில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். நான் கையசைத்தேன். யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

மணியம் அதிகாரியிடம் மலாயில் மன்றாடினார். "அடிக் சாயா" என்றார். என் தம்பி என்று அர்த்தம். நான் சொல்ல முடியாமல் நின்ற சொல். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று அதிகாரி கேட்டார். மணியம் முழங்கை வரை கறுத்திருந்த இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார். அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பிறகு எழுதியதை அடித்துவிட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். பதினான்கு நாள். அதற்குமேல் ஒருநாளும் இல்லை என்று விரலை ஆட்டினார்.

டாக்சியின் முன் இருக்கையில் தம்பியின் பெட்டி. பின்னால் நாங்கள் மூவர்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார் மணியம்.

சாப்பிட்டாயா என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு அது. தம்பிக்கு விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டான். "ரெண்டு கிழமை முடிய என்ன அண்ணை செய்யப்போறம்?"

எங்கள் பேச்சில் கிழமை என்றால் வாரம். மணியத்தின் காதில் பாதிதான் விழுந்தது. "என்ன கிழமைன்னா கேக்குறாரு? இன்னைக்கு வியாழன் தம்பி."

தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"ஓம், வியாழன்தான் லா" என்றேன். அந்த 'லா' அவனைத் திடுக்கிட வைத்ததைக் கண்டேன்.

நடுவில் உட்கார்கிறவனுக்குக் காரில் கால் வைக்க இடம் கிடையாது. கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டு, தரையைப் புடைக்கவைத்துக்கொண்டு கீழே சுழல்கிறது. ஒரு காலை மணியத்தின் பக்கமும் ஒரு காலைத் தம்பியின் பக்கமும் வைத்துக்கொண்டு, கிள்ளான் வரை அதன் அதிர்வை இரண்டு குதிகாலிலும் வாங்கிக்கொண்டு போனேன்.