இரண்டு நாற்காலியில் ஒரே மாமா

ஏழாம் வகுப்பு பாதி முடிவதற்குள் என் பெயர் பள்ளியின் புகார் நோட்டில் இரண்டு முறை ஏறிவிட்டது. முதல் முறை, இடைவேளையில் மதில் ஏறிக் குதித்து சேமியா ஐஸ் வாங்கப் போனதற்காக. இரண்டாம் முறை, காலை வணக்கத்தில் எல்லோரும் கண்மூடி நிற்கையில் சேவல் மாதிரி கூவியதற்காக. மூன்றாம் முறை ஏறினால் டி.சி. என்று பள்ளியில் ஒரு பேச்சு இருந்தது. அப்படி யாரும் டி.சி. வாங்கிப் போனதாக நினைவில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினோம்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா படித்த பள்ளி அது என்பதால் தினமும் பஸ்ஸில் அங்கே போய் வந்தேன். அங்கே டீச்சர்கள் அடிப்பதில்லை. சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து நடந்ததை எழுதவேண்டும். பார்த்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு இரண்டு வீட்டாரும் வந்து உட்கார, தலைமையாசிரியை இரண்டையும் சத்தமாக வாசிப்பார். நாங்கள் அவரைப் பெரிய டீச்சர் என்போம். அவர் கத்தவே மாட்டார். "ம்… பொறவு?" என்று மட்டும் கேட்பார். அந்தப் பொறவுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவோம். இதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

மூன்றாவது புகாருக்குக் காரணம் கிருபா. அவள் வகுப்புத் தலைவி. டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவாள். என் பெயரை எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, பத்து, இருபது, முப்பது என்று ஏற்றிக்கொண்டே போவாள். ஒருநாள் நான் தும்மியதற்கும் ஐந்து ஏற்றினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு நேர் பின்னால்தான் என் இடம். அவளுடைய இரட்டைச் சடையின் ரிப்பன் இரண்டையும் மெல்ல எடுத்து என் டெஸ்க்கின் காலில் முடிச்சுப் போட்டேன். புவியியல் டீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து வணக்கம் சொன்னது. கிருபா மட்டும் பாதி எழுந்து, "யம்மா" என்று திரும்ப உட்கார்ந்தாள். டெஸ்க் சாய்ந்தது. அதன் மேலிருந்த என் டிபன் பாக்ஸ் உருண்டு, எலுமிச்சைச் சோறு முழுவதும் டீச்சரின் காலடியில் கொட்டியது.

கிருபா அழவில்லை. மதிய மணி அடித்ததும் என் சமூக அறிவியல் நோட்டை எடுத்துப் போய்க் குடிநீர்த் தொட்டியில் போட்டாள். நான் ஸ்கெட்ச் பேனாவால் மாநிலம் மாநிலமாக வண்ணம் தீட்டியிருந்த இந்தியா கரைந்து தண்ணீர் ஊதா நிறமாயிற்று. அன்று பள்ளிக்கூடமே தண்ணீர் இல்லாமல் தவித்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. முந்தைய இரண்டு முறையும் அம்மா வந்திருந்தாள். இந்த முறை அப்பாதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். இரண்டாவது புகாரின்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவ கூப்பிட்டு விட்டாவன்னா அந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம். உங்க அத்தை வேல பாக்குற பள்ளிக்கூடத்துல சேத்துருவேன்." அத்தை கணக்கு டீச்சர். பொங்கலுக்கு வந்தால் கரும்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்கிறவள். அவளோடு ஒரே பள்ளியில் வருடம் முழுக்க இருப்பதை நினைத்தபோது, பெரிய டீச்சரின் அறை எனக்கு மாந்தோப்பாகத் தெரிந்தது.

ஆகவே மாமாவிடம் போனேன். மாமா என் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய் வரும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாங்கள் பள்ளிக்குப் போவதும் அந்த பஸ்ஸில்தான். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். ஒருத்தர் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிடுவார், இன்னொருத்தர் பால்கோவா வாங்கிவரச் சொல்வார், மூன்றாமவர் தூங்கும் குழந்தையையே கையில் கொடுத்துவிட்டு உட்கார இடம் தேடுவார். பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடப் பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் மாமாதான்.

"மாமா, ஒரு அரைமணி நேரம் அப்பாவா வாறீயளா?" என்று கேட்டேன்.

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விஷயம் முழுவதும் கேட்டார். "ஒரு புள்ளகூட சண்டை" என்று மட்டும் சொன்னேன், எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. "ஏட்டி, உங்க அம்மைக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சுருவா" என்றார். மாமாவின் பாஷையில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

எனக்குத் தெரியாமல் இன்னொரு ஏற்பாடும் நடந்திருந்தது. கிருபாவும் அதே பஸ்ஸில்தான் வருவாள். நடுவில் ஒரு நிறுத்தத்தில் ஏறி முன்பக்கம் நிற்பாள், நான் பின்பக்கம் நிற்பேன். அவளுடைய அப்பா ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். சண்டை விஷயம் அவளுடைய அம்மா காதுக்குப் போனால், விருதுநகருக்குக் கோ-கோ விளையாடப் போகும் அணியிலிருந்து அவளை நிறுத்திவிடுவாள். கிருபா அந்த அணியில் போகவேண்டும் என்று ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஆகவே அவளும் முன்பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல், "மாமா, எனக்குச் சித்தப்பாவா வாறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

மாமா அதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. இது வேறு சண்டை என்று நினைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்கும் இருபது நிமிடத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் காரியத்தையும் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

புதன்கிழமை, பெரிய டீச்சரின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றேன். வலது நாற்காலிக்குப் பின்னால் கிருபா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாமா வந்தார். காக்கிச் சட்டையின் மேல் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தார். கழுத்தில் காக்கி காலர் எட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையின் பையில் விசில் துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா வந்துட்டாங்க டீச்சர்" என்றேன் நான்.

"சித்தப்பா வந்துட்டாங்க டீச்சர்" என்றாள் கிருபா, அதே நொடியில்.

நாங்கள் இருவரும் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். அது உன் சித்தப்பா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளும் திறந்தாள். நான் சொன்னால் அவளும் சொல்வாள். இரண்டு வாயும் ஒன்றாக மூடிக்கொண்டன. மாமா அறையின் நடுவில், முன்வாசலிலும் பின்வாசலிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் கூப்பிட்டால் பஸ்ஸில் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உக்காருங்க. முதல்ல இந்தப் பக்கம்" என்று என் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். மாமா நுனியில் உட்கார்ந்தார்.

கிருபா எழுதியதை டீச்சர் வாசித்தார். சடை, ரிப்பன், எலுமிச்சைச் சோறு எல்லாம் வந்தது. "உங்க பொண்ணு செஞ்சதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"தப்புதான் டீச்சர். கண்டிச்சு வைக்கேன்."

"சரி. இப்ப அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

மாமா எழுந்து வலது நாற்காலிக்குப் போனார். நான் எழுதியது வாசிக்கப்பட்டது. "உங்க அண்ணன் மக செஞ்சதுக்கு என்ன சொல்லுதீங்க?"

மாமா காலியாக இருந்த இடது நாற்காலியைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்தார். "அந்தப் புள்ள சடையக் கட்டிப் போட்டதுனாலதான டீச்சர் இம்புட்டும் வந்துச்சு?" என்றார். சொன்ன பிறகுதான் அந்தப் புள்ள நான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். "இருந்தாலும், நோட்டத் தூக்கித் தொட்டியில போட்டது ரொம்பத் தப்பு" என்று அவசரமாகச் சேர்த்தார்.

"ம்… பொறவு? இதுக்கு அந்தப் பொண்ணோட அப்பா என்ன சொல்லுதார்?"

மாமா மறுபடி எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக, இரண்டு முறை. எனக்கும் கிருபாவுக்கும் தூக்கத்தில் கேட்டால்கூடத் தெரியும் ஹாரன் அது.

"யாருக்காக நிக்குது அந்த பஸ்சு?" என்றார் பெரிய டீச்சர்.

"தெரியல டீச்சர். எதாவது பெரியாளுக்கா இருக்கும்" என்றார் மாமா. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், விசிலைத் தொட்டு, சுட்டுவிட்டதுபோல் திரும்பி வந்தது.

கிருபாவின் பக்கமிருந்து பூனை தும்முவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள், காதெல்லாம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எதிரியோடு சேர்ந்து சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். "எனக்கு ஒண்ணு புரியல. நீங்க இவளுக்கு அப்பா. அவளுக்குச் சித்தப்பா."

"ஆமா டீச்சர்."

"அப்பம் இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியில்லா?"

மாமா என்னைப் பார்த்தார், கிருபாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஆமா டீச்சர். அக்கா தங்கச்சிதான்" என்றார் மெல்லிய குரலில்.

"அக்கா தங்கச்சி போட்டது வீட்டுச் சண்ட. வீட்டுச் சண்டைய நான் எப்பிடி பள்ளிக்கூட நோட்டுல எழுத?" என்று டீச்சர் புகார் நோட்டை மூடிவைத்தார். "யாரு மூத்தவ?"

ஜூன் மாதம் பிறந்ததாகக் கிருபா சொன்னாள். நான் செப்டம்பர்.

"அப்பம் நீ அவள அக்கான்னு கூப்பிடணும். முழுப்பரீட்ச வரைக்கும் ஒரே பெஞ்சு. மத்தியானம் ஒரே எடத்துல சாப்பாடு. தொட்டியையும் ரெண்டு பேரும் சேந்து கழுவணும்."

இதைச் சொல்லி முடித்ததும் அவர் சட்டென்று எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலருகே போய் நின்றார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஒரு நிமிடம் ஆகியும் நிற்கவில்லை.

எங்கள் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. பெரிய டீச்சர் அழுகிறார். ஒருபோதும் குரல் உயர்த்தாத மனுஷியை நாங்கள் அழவைத்துவிட்டோம். முதலில் கிருபா அழ ஆரம்பித்தாள், பிறகு நான். இருவரும் ஓடிப்போய் அவர் பின்னால் நின்று, "டீச்சர், அழாதீங்க டீச்சர். இனிமே சண்டையே போட மாட்டோம்" என்றோம். அவர் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டி, போங்கள் என்றார். தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது.

தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்தபோது கிருபா, "ரிப்பன் முடிச்ச எப்பிடிட்டி போட்ட? அவுக்கவே முடியல" என்று கேட்டாள். கற்றுக்கொடுத்தேன். சாயங்கால பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மாமா எங்கள் அருகில் வந்து நின்று, "ஏட்டி, நான் ஒரு ஆளு. எம்புட்டுப் பேருக்குத்தான் சொந்தக்காரனா இருப்பேன்?" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனை சிரிப்பும் வெளியே வந்தது. முன்சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

விருதுநகரில் கிருபாவின் அணி ஜெயித்தது. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பெரிய டீச்சரை அழவைத்த பாவத்துக்காக அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஜெபம் செய்தாள். நான் ஆண்டாள் கோயிலில் வேண்டிக்கொண்டேன். பள்ளி முடியும்வரை ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் முதல் பூ அவருக்குத்தான். அவர் அதை வாங்கும்போதெல்லாம் எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பார். இன்னும் எங்களை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் பஸ்ஸில்தான் ராஜபாளையம் வருவார், அந்த விசாரணைக்கு முன்பிருந்தே வருடக்கணக்காக அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். அவர் ஏறினால் மாமா டிரைவர் பக்கம் போய் ஒளிந்துகொள்வார். அப்படியும் அவர் கண்டுபிடிக்கவில்லை பார் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

கிருபா இப்போது வத்திராயிருப்பில் ஒரு பள்ளியில் டீச்சர். போன மாதம் போன் செய்தாள். வகுப்பில் ஒரு பையன் இன்னொருத்தனைக் கடித்துவிட்டானாம். தான் கடிக்கவில்லை, அது தன் பல் தடமே இல்லை என்று நிரூபிக்க, அவன் அந்தத் தடத்தின் மேலேயே பல்லை வைத்துக் காட்டியிருக்கிறான். அப்படியே பொருந்திவிட்டது.

"எனக்கு அடக்க முடியலட்டி. திரும்பி ஜன்னலப் பாத்து நின்னுட்டேன். பின்னால ரெண்டு பயலும் 'டீச்சர், அழாதீங்க டீச்சர்'னு ஒரே அழுகை."

நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன்.

"தங்கச்சி," என்றாள் பிறகு, "பெரிய டீச்சர் அன்னைக்கு அழல."

"ஆமாக்கா" என்றேன்.

பன்னிரண்டு வயதில், பெரியவர்களின் தோள் குலுங்கினால் அது அழுகை என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது.