வலது கையும் நெற்றியும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் இன்னும் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் நான் எடை போடுகிறவன். எங்கள் கடைக்குக் கைரேகை மெஷின் வந்த முதல் நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, அதில் விரல் வைக்க நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. வரிசையில் என் அக்காவும் நின்றிருந்தாள். முன்னால் நின்றவர் வலது கட்டைவிரலை வைத்ததையும், அது பதிந்த பிறகே நான் அவருக்கு அரிசி அளந்ததையும் உற்றுப் பார்த்தாள். பிறகு காலிப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் வருடம் தவறாமல் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறுகிற குடும்பம். அக்காவுக்கு ஒரே மகள். மாமா போன மறுவருடம் அந்தப் பிள்ளையும் காய்ச்சலில் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகும் தினம் சாயங்காலம் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்கள் கோயிலைச் சேராத வேறு சபை, ஜெபவீட்டுக்காரர்கள்தான். நான் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் தெருமுனை வரை வந்து திரும்பிவிடுவேன். அவள் அவர்களோடு போய்ச் சேர்ந்ததைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அங்கே கடைசிக் காலத்தைப் பற்றி ஒரு பெரிய துணிப்படம் சுவரில் தொங்கும். அக்காவுக்கு எழுத்து தெரியாது. நிறத்தை வைத்தே அதைப் பாடம் செய்திருந்தாள். வெள்ளை, இயேசு மேகத்தில் வந்து தம் சபையை எடுத்துக்கொள்வது. அடுத்து கறுப்பு, உபத்திரவ காலம். அப்போது மிருகம் என்று வேதம் சொல்லும் கொடிய அரசு ஆளும். வலது கையிலோ நெற்றியிலோ அதன் முத்திரை இல்லாதவர் எதையும் வாங்க முடியாது, விற்க முடியாது. கடைசியில் மஞ்சள், ஆயிரம் வருடம். முத்திரைக்குக் கை நீட்டாதவர்கள் உயிர்த்தெழுந்து கிறிஸ்துவோடு ஆளும் காலம். "அந்த மஞ்சள்லதான் தம்பி, பாப்பா இருக்கும்" என்பாள். "ஆயிரம் வருசம். நான் பன்னெண்டு வருசந்தான வச்சிருந்தேன்."

மெஷினில் விரல் வைப்பதுதான் அந்த முத்திரை என்று நினைத்துவிட்டாள்; ஒரு பை அரிசிக்காக அவள் எதை இழக்கப் பயந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டு அரிசியைக் கொண்டுபோனேன். "இதுவும் வெரல் வச்சு வாங்குனதுதான? எடுத்துட்டுப் போடா" என்று திருப்பிவிட்டாள். காட்டில் கிடைத்த சோளத்தையும் கீரையையும் தின்று மூன்று மாதம் ஓட்டினாள். எறையூர்ப் பக்கம் கரும்பில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரிக்கப் போன இடத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தாள்.

வேறு வழியில்லாமல் ஜெபவீட்டுப் பாஸ்டரைக் கூட்டிவந்தேன். நல்ல மனிதர், தரையிலேயே உட்கார்ந்தார். "அக்கா, அந்த முத்திரை இப்ப வராதுக்கா. சபை எடுத்துக்கொள்ளப்பட்ட பொறவுதான் வரும். நாம இன்னும் இங்கதான இருக்கோம்? நானே போன வாரம் வெரல் வச்சுத்தான் அரிசி வாங்குனேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அக்கா கேட்டாள்: "அப்ப மேகம் வந்துட்டுப் போயிருச்சுங்களா ஐயா? நாம ரெண்டு பேருமே விடுபட்டுட்டமா?"

அவர் அக்காவுக்காக ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து அக்கா காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டுத் தொட்டிலை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். பச்சைப் பிள்ளைகளை இயேசு விட்டுவிட்டுப் போகமாட்டார். பிள்ளை தொட்டிலில் இருந்தால் மேகம் இன்னும் வரவில்லை. இதுதான் அவள் கணக்கு. "எம்புள்ளைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துட்டாங்கப்பா" என்று அந்தப் பிள்ளையின் தாய் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. நானும் யாருக்கும் தெரியாமல் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

எனக்கு வேதம் தெரியாது, மெஷினைத் தெரியும். ஒருநாள் துணிந்து சொன்னேன். "அக்கா, அது ஒங்கையில எதையும் வக்கிறதில்ல. ஒங்கைதான் அதும்மேல பதியுது. சாயங்காலம் நான் துணியால தொடச்சா எல்லாம் போயிரும். முத்திரைன்னா அழியாதுல்ல?" அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "எடது கைன்னா வரேன்" என்றாள்.

வந்தாள். இடது விரலை வைத்தாள், சிவப்பு விளக்கு. வேறு விரல், சிவப்பு. விற்பனையாளர் வலது கையைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, முணுமுணுவென்று ஜெபித்தபடி அதையும் வைத்தாள். அதுவும் சிவப்பு. சோகை உரித்து உரித்து ரேகையே தேய்ந்துபோயிருந்தது. "அக்கா இனிமே தைரியமாத் திருடப் போலாம், போலீசு கண்டுபுடிக்காது" என்றாள் பின்னால் நின்றவள். வரிசையே சிரித்தது, அக்காவும் சிரித்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பல் தெரிந்தது. "பாத்தியாடா, கர்த்தர் எங்கைய மறைச்சுட்டாரு."

"கை வரலேன்னா கண்ணு இருக்கும்மா" என்று விற்பனையாளர் கண் மெஷினை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நெத்திக்கிட்ட கொண்டு வராதீங்க சார்!" என்று கத்திக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். சிரித்தவர்கள் அடங்கினார்கள். பிறகு, மூடிய கண்ணோடு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "நீ சொல்றது தப்பா இருந்தா, நான் பாப்பாவ எப்படிடா பாப்பேன்?"

அத்தனை பேர் முன்னால் எனக்கு எப்படிக் குரல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. "தப்பா இருந்தா அந்தப் பாவம் என்னோடதுக்கா. தம்பி சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லிரு" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள், பச்சை விளக்கு. நான் அரிசியை அளந்தேன். 

அதன்பின் மாதாமாதம் வந்தாள். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு ஏலாக்குறிச்சிக்குப் போய் அங்கே பூசை வைக்கிற சாமியார் ஒருவரிடம் கேட்டேன். ஆயிரம் வருடம் என்பது நாள்காட்டிக் கணக்கல்ல, கிறிஸ்துவின் ஆட்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, யாரை வணங்குகிறோம் என்பதுதான் முத்திரை என்று பொறுமையாகச் சொன்னார். பாஸ்டர் சொன்னது வேறு கணக்கு. இரண்டு பேரும் படித்தவர்கள். பயப்பட ஒன்றுமில்லை என்ற இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத்தான் பயம் போகவில்லை. பிணை நின்றவன் நானல்லவா.

கடைசி நாளில், அவரவர் செய்தது எழுதியிருக்கும் புத்தகங்கள் திறக்கப்படும் என்று இரண்டு கோயிலிலும் சொல்கிறார்கள். அக்காவுக்கான பக்கத்தில் என்ன எழுதியிருக்குமோ தெரியாது. அதனால் என் பங்குக்கு எழுதி வைக்கிறேன்: அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். கண்ணை இறுக்கித்தான் மூடியிருந்தாள். திறக்கச் சொன்னவன் நான். கேட்பதை என்னிடம் கேளுங்கள், ஆண்டவரே. அவளைப் பிள்ளையிடம் போக விடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக்காலத்து முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வந்து எழுதியது.